விஎம்முக்குள் இணையம் வருகிறது, வெளியிலிருந்து உள்ளே போகத்தான் முடியவில்லை

புதுக்கணினி:
வணக்கம். லேப்டாப்பில் விர்ச்சுவல்பாக்ஸ் நிறுவி, அதற்குள் ஒரு விஎம் (மெய்நிகர் கணினி) உருவாக்கி உபுண்டு சர்வர் ஏற்றியிருக்கிறேன். நெட்வொர்க் அமைப்பில் கை வைக்கவில்லை. நேட் என்று இருந்தது, அப்படியே விட்டுவிட்டேன். உள்ளே இணையம் நன்றாக வருகிறது, தொகுப்புகள் எல்லாம் இறங்குகின்றன. முகவரி 10.0.2.15 என்று காட்டுகிறது. ஆனால் லேப்டாப்பிலிருந்து அந்த முகவரிக்கு எஸ்எஸ்எச் (வேறு கணினியிலிருந்து உள்ளே போய்க் கட்டளை கொடுக்கும் வழி) அடித்தால் வெகுநேரம் சும்மா நின்றுவிட்டு ‘டைம்டு அவுட்’ என்கிறது. பிங்கும் போகவில்லை.

விஎம்மின் கறுப்புத் திரையில் எதையும் ஒட்ட முடியவில்லை, மேலே ஓடிப்போன வரிகளைத் திரும்பப் பார்க்கவும் முடியவில்லை. அதனால் எஸ்எஸ்எச் கட்டாயம் வேண்டும். அடுத்து அதில் ஒரு வெப் சர்வர் ஓட்டி லேப்டாப் பிரவுசரில் பார்க்கவேண்டும். பிறகு டேட்டாபேஸுக்கென்று இன்னொரு விஎம். மூன்றும் ஒன்றோடொன்று பேசவேண்டும். எங்கே தவறு செய்தேன்?

ஒற்றைவிசை:
அடாப்டரை பிரிட்ஜ் என்று மாற்றுங்கள். ஒரு நிமிட வேலை.

பழையசர்வர்:
நீங்கள் தவறு எதுவும் செய்யவில்லை. நேட் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது.

விர்ச்சுவல்பாக்ஸின் நேட்டில் ஒவ்வொரு விஎம்முக்கும் தனியாக ஒரு குட்டி ரூட்டர் உள்ளேயே ஓடுகிறது. 10.0.2.2 அந்த ரூட்டர், 10.0.2.3 பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ், 10.0.2.15 உங்கள் விஎம். நாளைக்கு நேட்டிலேயே இன்னொரு விஎம் கிளப்பினால் அதற்கும் இதே 10.0.2.15தான் வரும். ஒரே முகவரியா என்று பயப்படவேண்டாம். இரண்டும் தனித்தனி அறையில் இருக்கின்றன, ஒன்றை ஒன்று பார்க்கவே முடியாது. டேட்டாபேஸ் விஎம்மோடு பேசவேண்டும் என்றால் வெறும் நேட் போதாது என்பதும் இதனால்தான்.

லேப்டாப்பைப் பொறுத்தவரை 10.0.2.0 என்று ஒரு வலையே உலகத்தில் இல்லை. அதன் ரூட்டிங் அட்டவணையில் அப்படி எதுவும் கிடையாது. எனவே உங்கள் எஸ்எஸ்எச் பாக்கெட் வைஃபை வழியாக வெளி ரூட்டருக்குப் போய் அங்கே தொலைந்துபோகிறது. மறுப்புச் சொல்லக்கூட ஆள் இல்லாததால்தான் டைம்டு அவுட். ‘ரெஃப்யூஸ்டு’ என்று வந்திருந்தால் அது வேறு கதை. பாக்கெட் போய்ச் சேர்ந்துவிட்டது, அங்கே அந்தப் போர்ட்டில் கேட்க ஆளில்லை, அல்லது ஃபயர்வால் வேண்டுமென்றே மறுக்கிறது என்று பொருள். இந்த இரண்டு செய்திகளையும் பிரித்துப் படித்தாலே பாதி நேரம் மிச்சம்.

பிரிட்ஜா நேட்டா என்பதைப் பிறகு பார்க்கலாம். முதலில் ஒரு தாளில், யார் யாரிடம் முதலில் பேச்சைத் தொடங்கவேண்டும் என்று அம்புக்குறி போடுங்கள். விஎம்மிலிருந்து இணையத்துக்கு ஓர் அம்பு. லேப்டாப்பிலிருந்து விஎம்முக்கு ஓர் அம்பு. விஎம்முக்கும் விஎம்முக்கும் நடுவே ஓர் அம்பு. வெளியில் இருக்கும் வேறு கணினியிலிருந்து, அல்லது போனிலிருந்து, விஎம்முக்கு அம்பு உண்டா? இந்தக் கடைசிக் கேள்விக்கு ‘ஆம்’ என்றால்தான் பிரிட்ஜ் தேவை.

இப்போதைக்கு எஸ்எஸ்எச் மட்டும் கிடைத்தால் போதும் என்றால், நேட் அமைப்பிலேயே போர்ட் ஃபார்வர்டிங் இருக்கிறது, லேப்டாப்பின் ஒரு போர்ட்டுக்கு வருவதை விஎம்முக்குள் திருப்பிவிடும். ஹோஸ்ட், அதாவது லேப்டாப் பக்கம் 127.0.0.1, போர்ட் 2222. கெஸ்ட், அதாவது விஎம் பக்கம் போர்ட் 22. கெஸ்ட் முகவரியைக் காலியாக விடலாம். பிறகு லேப்டாப்பில் 127.0.0.1-க்கு 2222 போர்ட்டில் எஸ்எஸ்எச் செய்யுங்கள். ஹோஸ்ட் முகவரியைக் காலியாக விட்டாலும் வேலை செய்யும். ஆனால் அப்போது அதே வைஃபையில் இருக்கும் யார் வேண்டுமானாலும் உங்கள் லேப்டாப்பின் 2222-ஐத் தட்டலாம். 127.0.0.1 போடும் பழக்கத்தை இப்போதே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒற்றைவிசை:
ஒரு எஸ்எஸ்எச்சுக்கு இவ்வளவு பாடமா! பிரிட்ஜ் போட்டால் விஎம் ஒரு தனிக் கணினி மாதிரி ரூட்டரிடம் முகவரி வாங்கிக்கொள்ளும். போர்ட் எதையும் திருப்பவேண்டாம். எனக்குப் பல வருடமாக அப்படித்தான் ஓடுகிறது.

புதுக்கணினி:
இரண்டையும் செய்து பார்த்தேன். போர்ட் ஃபார்வர்டிங் போட்டதும் டைம்டு அவுட் போய்விட்டது. ஆனால் இப்போது எஸ்எஸ்எச் உடனே ‘கனெக்‌ஷன் ரீசெட்’ என்று சொல்லி வெளியே வந்துவிடுகிறது. சரி என்று பிரிட்ஜுக்கு மாற்றினேன். விஎம்முக்கு முகவரியே வரவில்லை. எஃப்இ80 என்று தொடங்கும் நீளமான ஒன்று மட்டும் இருக்கிறது. உள்ளே இருந்த இணையமும் போய்விட்டது. முன்பு இருந்ததைவிட மோசம்.

பழையசர்வர்:
ரீசெட் பற்றி முதலில். விர்ச்சுவல்பாக்ஸ் நேட்டில் 2222 போர்ட்டைத் திறந்து காத்திருப்பது விஎம் அல்ல, லேப்டாப்பில் ஓடும் விர்ச்சுவல்பாக்ஸ். அது வாசலில் உங்களை வரவேற்றுவிட்டு, பிறகுதான் உள்ளே போய் 22-ஐத் தட்டும். உள்ளே யாரும் இல்லை என்றால் திரும்பி வந்து உங்களை வெளியே தள்ளும். அதனால்தான் ரெஃப்யூஸ்டு என்று வராமல் ரீசெட் என்று வருகிறது. பெரும்பாலும் உங்கள் விஎம்மில் ஓப்பன்எஸ்எஸ்எச் சர்வர் இல்லை. உபுண்டு நிறுவும்போது அதற்கென்று ஒரு பெட்டி வரும், அதை டிக் செய்யாமல் தாண்டிப் போயிருப்பீர்கள். நேட்டுக்குத் திரும்பிப் போய் ஓப்பன்எஸ்எஸ்எச்-சர்வர் தொகுப்பை நிறுவிவிட்டு மறுபடி பாருங்கள்.

விஎம் இப்போதுதான் எழுந்துகொண்டிருக்கிறது என்றாலும் இதே செய்திதான் வரும். அரை நிமிடம் பொறுத்துப் பார்க்கவும்.

கம்பிவலை:
பிரிட்ஜ் ஏன் காலைவாரியது என்று நான் சொல்கிறேன். வைஃபையில்தானே இருக்கிறீர்கள்?

கம்பி ஈதர்நெட்டில் ஒரே வாய் வழியாக எத்தனை மேக் முகவரிகள் (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்கள்) வந்தாலும் சாதாரண ஸ்விட்ச் கவலைப்படாது. வைஃபையில் அப்படி இல்லை. லேப்டாப் தன் மேக் முகவரியைக் காட்டித்தான் அணுகுபுள்ளியோடு இணைந்திருக்கிறது. அந்த மேக்கிலிருந்து வரும் ஃபிரேம்களைத்தான் அணுகுபுள்ளி ஏற்கும். விஎம் தன்னுடைய மேக்கோடு ஃபிரேம் அனுப்பினால் ‘நீ யார்’ என்று கேட்காமலே கீழே போட்டுவிடும். இதற்காகவே விர்ச்சுவல்பாக்ஸ் வைஃபை பிரிட்ஜில் ஒரு தந்திரம் செய்கிறது. வெளியே போகும் ஃபிரேமில் விஎம்மின் மேக்கை எடுத்துவிட்டு லேப்டாப்பின் மேக்கை ஒட்டுகிறது. பதில் வரும்போது ஐபி முகவரியைப் பார்த்து ‘இது விஎம்முக்கு’ என்று பிரித்துக் கொடுக்கிறது. இந்த ஏமாற்று வேலை பல ரூட்டர்களில் ஓடும், சிலவற்றில் ஓடாது. முகவரி கேட்டு வாங்கும் டிஎச்சிபியில்தான் முதலில் மாட்டும். உங்களுக்கு நடந்தது அதுவாக இருக்கலாம்.

லினக்ஸின் சொந்த பிரிட்ஜில் இந்த ஏமாற்று வேலைகூடக் கிடையாது. வைஃபை கார்டைச் சேர்க்கப்போனால் நேரடியாக முடியாது என்று சொல்லிவிடும்.

இன்னொன்று. அலுவலக வலையில் கேட்காமல் பிரிட்ஜ் போடாதீர்கள். நான் ஒருமுறை போட்டேன். ஒரு வாய்க்கு ஒரு மேக் என்று ஸ்விட்சில் பூட்டி வைத்திருந்தார்கள். இரண்டாவது மேக்கைக் கண்டதும் வாயையே மூடிவிட்டது. விஎம்மோடு சேர்ந்து என் கணினியும் வலையிலிருந்து போயிற்று. அதைத் திறக்கச்சொல்லி நெட்வொர்க் குழுவிடம் போய் நின்றபோது அவர்கள் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

ஒற்றைவிசை:
சரி, வைஃபை என்று அவர் முதலில் சொல்லவில்லை. நான் கம்பியில் இருக்கிறேன். இருந்தாலும் பிரிட்ஜை ஒரேயடியாகத் தூக்கி எறியாதீர்கள். என் விஎம்மில் கோப்புப் பகிர்வு ஓடுகிறது. அறையில் இருக்கும் மற்ற கணினிகளும் போனும் அதைப் பார்க்கவேண்டும். அதை நேட்டுக்குள் வைத்து ஒவ்வொரு போர்ட்டாகத் திருப்பிக்கொண்டிருந்தால் பைத்தியம் பிடித்துவிடும்.

பழையசர்வர்:
அதில் எனக்கு மறுப்பே இல்லை. உங்கள் தாளில் நான்காவது அம்பு இருக்கிறது. புதுக்கணினியின் தாளில் இல்லை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு இடம் மாறுபவருக்கு பிரிட்ஜ் தலைவலி. வலை மாறும்போதெல்லாம் விஎம்மின் முகவரியும் மாறும்.

புதுக்கணினி:
கம்பிவலை, பழையசர்வர், இருவருக்கும் நன்றி. நேட்டுக்குத் திரும்பி ஓப்பன்எஸ்எஸ்எச் நிறுவினேன். 2222 வழியாக உள்ளே போய்விட்டேன்! ஆம், அந்தப் பெட்டியை டிக் செய்யவில்லை.

நான்காவது அம்பு எனக்கு இல்லை. லேப்டாப்பும் இரண்டு விஎம்களும் பேசினால் போதும், இணையமும் வேண்டும். அப்படியென்றால் என்ன போடுவது?

பழையசர்வர்:
இரண்டு கார்டு. முதல் அடாப்டர் நேட், இரண்டாவது ஹோஸ்ட்-ஒன்லி, அதாவது லேப்டாப்பும் விஎம்களும் மட்டும் இருக்கும் வலை. எனக்குக் கேட்டால் லேப்டாப்பில் பழகுபவருக்கு இதைவிட நிம்மதியான அமைப்பு கிடையாது. வைஃபை இருக்கிறதோ இல்லையோ, எந்த ஊருக்குப் போனாலும், லேப்டாப்புக்கும் விஎம்முக்கும் இடையிலான முகவரி மாறவே மாறாது. இணையம் வேண்டுமென்றால் அது நேட் வழியாகத் தன் பாட்டுக்குப் போய்க்கொள்ளும்.

ஹோஸ்ட்-ஒன்லி வலையின் வழக்கமான எண்கள் 192.168.56.0/24. லேப்டாப் 192.168.56.1. விர்ச்சுவல்பாக்ஸின் டிஎச்சிபி சர்வர் 100-இல் உட்கார்ந்துகொண்டு 101 முதல் 254 வரை கொடுக்கும். விஎம்களுக்கு நிலையான முகவரி வைப்பதானால் 100-க்குக் கீழே எடுங்கள். 10, 11 என்று வையுங்கள், மோதாது.

இந்த எண்களை மாற்ற நினைத்தால் ஒரு எச்சரிக்கை. லினக்ஸ், மேக்ஓஎஸ் ஹோஸ்ட்களில் விர்ச்சுவல்பாக்ஸ் 6.1.28 முதல் 192.168.56.0 தொடங்கி 192.168.63.255 வரைதான் அனுமதி. அதற்கு வெளியே வேண்டுமானால் எட்சி அடைவுக்குள் விபாக்ஸ் என்ற அடைவில் நெட்வொர்க்ஸ் என்ற கான்ஃப் கோப்பில் எழுதி வைக்கவேண்டும். விண்டோஸ் ஹோஸ்டுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

விஎம்மை அணைத்துவிட்டு இரண்டாவது அடாப்டரைச் சேருங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தப் பெட்டி திறக்காது.

புதுக்கணினி:
சேர்த்துவிட்டேன். உள்ளே முகவரிகளைப் பட்டியலிட்டால் இஎன்பி0எஸ்3 வழக்கம்போல 10.0.2.15. இஎன்பி0எஸ்8 என்று புதிதாக ஒன்று வந்திருக்கிறது, ஆனால் ‘டவுன்’ என்கிறது. முகவரி இல்லை. டிஎச்சிபி கொடுக்கும் என்றீர்களே? மேலும் 3-க்கு அடுத்து 4 வராமல் ஏன் 8?

இரவுக்காவல்:
8 என்பது வரிசை எண் இல்லை, பிசிஐ ஸ்லாட் எண். விர்ச்சுவல்பாக்ஸ் முதல் கார்டை 3-ஆம் ஸ்லாட்டில் வைக்கிறது, அடுத்தவை 8, 9, 10. முன்பெல்லாம் எத்0, எத்1 என்று இருந்தது. எந்தக் கார்டை கர்னல் முதலில் கண்டுபிடிக்கிறதோ அதற்கு 0. சில நேரம் மறுதொடக்கத்தில் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். 2013-இல், லினக்ஸைத் துவக்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் 197-ஆம் பதிப்பு வந்தபோது ஸ்லாட்டைவைத்துப் பெயர் சூட்டும் முறை வந்தது. பெயர் அழகில்லை என்றாலும் இடம் மாறாது.

பழையசர்வர்:
டிஎச்சிபி கொடுக்கத் தயார்தான். உங்கள் உபுண்டு கேட்கவே இல்லை. நிறுவும்போது எத்தனை கார்டு இருந்ததோ அத்தனைக்குத்தான் நிறுவி கோப்பு எழுதும். பிறகு வந்த கார்டைப் பற்றி யாரும் அதற்குச் சொல்லவில்லை. டெபியனிலும் இதே கதைதான், அங்கே கோப்பின் பெயர் இன்டர்ஃபேசஸ்.

உபுண்டு சர்வரில் நெட்வொர்க் அமைப்பைக் கவனிப்பது நெட்பிளான். எட்சி அடைவுக்குள் நெட்பிளான் அடைவைப் பாருங்கள், ஒரு யாம்ல் கோப்பு இருக்கும். பெயரில் கிளவுட்-இனிட் என்று இருந்தால் அதைத் தொடாதீர்கள். தானாக அமைப்புகளை எழுதும் கிளவுட்-இனிட் கருவி அதை மறுபடி எழுதிவிட வாய்ப்பு உண்டு, கோப்பின் தலைப்பிலேயே அந்த எச்சரிக்கை இருக்கும். பக்கத்திலேயே 60 என்று தொடங்கும் இன்னொரு யாம்ல் கோப்பை உருவாக்கி, அதில் இஎன்பி0எஸ்8-க்கு மட்டும் எழுதுங்கள். நெட்பிளான் எல்லாக் கோப்புகளையும் பெயர் வரிசையில் படித்து ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளும்.

உள்ளடக்கம் சின்னதுதான். நெட்வொர்க், அதற்குள் ஈதர்நெட்ஸ், அதற்குள் கார்டின் பெயர். கார்டுக்குக் கீழே டிஎச்சிபி4-க்கு ஃபால்ஸ், அட்ரசஸ் பட்டியலில் 192.168.56.10/24. அந்த /24-ஐ மறக்காதீர்கள். யாம்லில் டேப் விசை கூடாது, ஸ்பேஸ் மட்டும். ஒரே மட்டத்தில் இருப்பவை ஒரே நேர்கோட்டில் நிற்கவேண்டும். கோப்பின் அனுமதியை 600 என்று வையுங்கள், இல்லாவிட்டால் புதிய பதிப்புகள் முணுமுணுக்கும்.

எழுதியதும் நேராக அப்ளை கொடுக்காமல் ‘நெட்பிளான் டிரை’ கொடுங்கள். 120 நொடிக்குள் நீங்கள் என்டர் தட்டாவிட்டால் பழைய அமைப்புக்குத் தானே திரும்பிவிடும். தொலைவில் இருக்கும் சர்வரில் கை வைக்கும் நாள் வரும்போது இந்த 120 நொடி உங்களைக் காப்பாற்றும்.

புதுக்கணினி:
192.168.56.10 வந்துவிட்டது. லேப்டாப்பிலிருந்து எஸ்எஸ்எச்சும் போகிறது, 2222 இனித் தேவையில்லை. ஆனால் விஎம்முக்குள் இணையம் செத்துவிட்டது! 10.0.2.15 இருக்கிறது, ஆனால் 1.1.1.1-க்கு பிங் போகவில்லை. ஒன்று வந்தால் இன்னொன்று போகிறது.

இரவுக்காவல்:
நெட்பிளான் கோப்பில் கேட்வேயும் (வலைக்கு வெளியே போகும் வழி) எழுதினீர்களா? ரூட்டிங் அட்டவணையை ஒட்டுங்கள் பார்க்கலாம்.

புதுக்கணினி:
எழுதினேன். வலையில் பார்த்த எடுத்துக்காட்டு எல்லாவற்றிலும் கேட்வே இருந்தது. அதனால் 192.168.56.1 என்று போட்டேன். அட்டவணையில் டிஃபால்ட் என்று இரண்டு வரி இருக்கிறது. ஒன்று 192.168.56.1 வழியாக. இன்னொன்று 10.0.2.2 வழியாக, அதன் கடைசியில் மெட்ரிக் 100.

இரவுக்காவல்:
அதேதான். வெளி உலகுக்கு வழி கேட்டால் இரண்டு பேர் கை தூக்குகிறார்கள். மெட்ரிக் குறைவாக இருப்பவர் வெல்வார். உங்கள் 192.168.56.1 வரியில் மெட்ரிக்கே இல்லை, அதாவது 0. எனவே எல்லாப் பாக்கெட்டும் லேப்டாப்பை நோக்கிப் போகிறது. லேப்டாப் ரூட்டர் இல்லை, வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறது. ஹோஸ்ட்-ஒன்லி கார்டுக்குக் கேட்வே கிடையாது. அந்த வரிகளை அழியுங்கள். அதே வலையில் இருப்பவரோடு பேசக் கேட்வே தேவையில்லை, /24 போதும்.

பழையசர்வர்:
கேட்வே உண்மையிலேயே தேவைப்படும் இடத்தில்கூட, பழைய கட்டுரைகளில் இருக்கும் ‘கேட்வே4’ என்ற சொல்லை இப்போது நெட்பிளான் கைவிட்டுவிட்டது. ரூட்ஸ் என்று எழுதி அதில் டிஃபால்ட் என்று கொடுக்கவேண்டும்.

இனி எது நின்றாலும் கீழிருந்து மேலே பாருங்கள். கார்டு எழுந்திருக்கிறதா, முகவரி இருக்கிறதா, டிஃபால்ட் வழி ஒன்றே ஒன்று இருக்கிறதா, கேட்வேக்கு பிங் போகிறதா, 1.1.1.1-க்குப் போகிறதா, கடைசியாகப் பெயர் முகவரியாக மாறுகிறதா. எங்கே நிற்கிறதோ அதற்கு மேலே எதையும் தொடாதீர்கள். எண்ணுக்குப் போய் பெயருக்குப் போகவில்லை என்றால் அது டிஎன்எஸ். அங்கே ரிசால்வ் கான்ஃப் கோப்பில் 127.0.0.53 என்று இருப்பதைப் பார்த்து ‘இதுதான் தவறு’ என்று மாற்றிவிடுகிறார்கள் பலர். அது சிஸ்டம்டியின் இடைத்தரகர், இருக்கவேண்டியதுதான். அதற்குப் பின்னால் உண்மையான டிஎன்எஸ் யார் என்பதை ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ் காட்டும்.

புதுக்கணினி:
கேட்வேயை எடுத்ததும் எல்லாம் சரி. அடுத்தது வெப் சர்வர். விஎம்மில் ஜாங்கோ என்ற பைதான் வெப் கட்டமைப்பின் சோதனை சர்வரை 8000-இல் ஓட்டுகிறேன். விஎம்முக்குள்ளேயே கர்ல் அடித்தால் பக்கம் வருகிறது. லேப்டாப் பிரவுசரில் 192.168.56.10:8000 அடித்தால் ‘ரெஃப்யூஸ்டு’. இந்த முறை டைம்டு அவுட் இல்லை, ரெஃப்யூஸ்டு என்பதைக் கவனித்தேன் 🙂

பழையசர்வர்:
அப்போது பதிலும் உங்களுக்கே தெரிந்திருக்கும். பாக்கெட் போய்ச் சேர்ந்தது, அந்த முகவரியில் கேட்க ஆளில்லை.

அந்தச் சோதனை சர்வர் இயல்பாக 127.0.0.1-இல் மட்டுமே கேட்கும். அது விஎம் தனக்குத்தானே பேசிக்கொள்ளும் முகவரி. எஸ்எஸ் என்ற ஆணையைக் கொண்டு திறந்திருக்கும் போர்ட்களைப் பட்டியலிட்டால், 8000-க்கு முன்னால் 127.0.0.1 என்று நிற்பதைப் பார்க்கலாம். 0.0.0.0:8000 என்று கொடுத்து ஓட்டுங்கள். உடனே ஜாங்கோ ‘டிஸ்அலவுடு ஹோஸ்ட்’ என்று இன்னொரு புகார் சொல்லும். அமைப்புக் கோப்பின் அலவுடு ஹோஸ்ட்ஸ் பட்டியலில் 192.168.56.10-ஐச் சேர்க்கவும்.

கம்பிவலை:
அல்லது எதையும் மாற்றாமல் எஸ்எஸ்எச் சுரங்கம் போடலாம். -எல் தேர்வில் 8000:127.0.0.1:8000 என்று கொடுத்து எஸ்எஸ்எச் செய்யுங்கள். பிறகு லேப்டாப் பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் 8000. ஜாங்கோவுக்கு வெளியாள் வந்ததே தெரியாது. எனக்கு இந்த வழிதான் பிடிக்கும். டேட்டாபேஸுக்கும் இதையே செய்யலாம், அதன் போர்ட்டை வெளியில் திறக்கவே வேண்டாம்.

மறுதொடக்கம்:
நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். என்னுடைய சிக்கல் பக்கத்து வீடு மாதிரி. கேவிஎம்மில் (லினக்ஸின் சொந்த விஎம் வசதி) ஓர் உபுண்டு விஎம்மை நன்றாகத் தயார் செய்து, அதைக் குளோன் எடுத்து மூன்றாக்கினேன். மூன்றுக்கும் மேக் முகவரி வேறு வேறு, இரண்டு முறை சரிபார்த்துவிட்டேன். ஆனாலும் டிஎச்சிபி மூன்றுக்கும் ஒரே முகவரியைத் தருகிறது! ஒன்றில் உள்ளே போனால் திடீரென்று இன்னொன்றில் இருக்கிறேன்.

பழையசர்வர்:
ஆ, இது நல்ல கேள்வி. இதற்கு நானே ஒரு முழு நாளைத் தொலைத்திருக்கிறேன். நானும் மேக்கைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உபுண்டு சர்வரில் டிஎச்சிபி கேட்பது சிஸ்டம்டி-நெட்வொர்க்டி. அது ‘நான் இன்னார்’ என்று சொல்ல மேக்கைக் காட்டுவதில்லை. எட்சி அடைவில் இருக்கும் மெஷின்-ஐடி என்ற கோப்பிலிருந்து செய்த ஓர் அடையாளத்தைக் காட்டுகிறது. குளோன் எடுக்கும்போது அந்தக் கோப்பும் அச்சு அசலாகக் கூடவே வந்துவிடுகிறது. டிஎச்சிபி சர்வருக்கு மூன்றும் ஒரே ஆள். ‘ஏற்கெனவே கொடுத்தேனே, இந்தா’ என்று அதே முகவரியைத் தருகிறது.

சரியான தீர்வு, குளோன் எடுப்பதற்கு முன் மூல விஎம்மில் மெஷின்-ஐடி கோப்பைக் காலியாக்கிவிட்டு அணைப்பது. அழிக்கக்கூடாது, பூஜ்ய அளவாக்கவேண்டும். அடுத்த துவக்கத்தில் ஒவ்வொரு குளோனும் தனக்கென்று புதிதாக உருவாக்கிக்கொள்ளும். டிபஸ் அடைவில் அதே பெயரில் இன்னொரு கோப்பு இருக்கும். அது முதல் கோப்புக்கு இணைப்பாக இல்லாமல் தனிக் கோப்பாக இருந்தால் அதையும் கவனியுங்கள். அவசரத் தீர்வு வேண்டுமானால் நெட்பிளானில் டிஎச்சிபி-ஐடென்டிஃபையர் என்று எழுதி மேக் என்று கொடுத்துவிடலாம்.

எஸ்எஸ்எச் ஹோஸ்ட் சாவிகளும் மூன்றிலும் ஒன்றேதான். ‘ஒன்றில் போனால் இன்னொன்றில் இருக்கிறேன்’ என்றீர்களே, எஸ்எஸ்எச் எச்சரிக்கை எதுவும் தராமல் விட்டதற்குக் காரணம் அதுதான். அதையும் குளோன்களில் புதிதாக உருவாக்கிக்கொள்ளுங்கள்.

மறுதொடக்கம்:
மெஷின்-ஐடி! மூன்றிலும் ஒரே எழுத்து ஒரே எண். இப்போது மூன்று முகவரி வந்துவிட்டது. டிஎச்சிபி சர்வரையே மாற்றலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். அதே கணினியில் கம்பி கார்டை வைத்து பிஆர்0 என்று லினக்ஸ் பிரிட்ஜ் போட்டு விஎம்களை அதில் மாட்டினேன், நன்றாக ஓடியது. நேற்று டாக்கர் (கன்டெய்னர்களை ஓட்டும் மென்பொருள்) நிறுவியபிறகு விஎம்கள் வெளியே போவதில்லை.

இரவுக்காவல்:
டாக்கர் 1.13 முதல் ஐபிடேபிள்ஸ் ஃபயர்வாலின் ஃபார்வர்டு சங்கிலியை ‘டிராப்’ என்று வைத்துவிடுகிறது. பிரிட்ஜ் உள்ளேயே போகும் ஃபிரேமுக்கு இதோடு சம்பந்தம் இருக்கக்கூடாதுதான். ஆனால் பிஆர் நெட்ஃபில்டர் என்ற கர்னல் பகுதி ஏறியிருந்தால் பிரிட்ஜ் பாக்கெட்டும் ஐபிடேபிள்ஸ் வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும். டாக்கர்-யூசர் சங்கிலியில் பிஆர்0-இலிருந்து பிஆர்0-க்குப் போவதை ஏற்கும் விதி ஒன்றைச் சேருங்கள். அந்தச் சங்கிலி நமக்காகவே விடப்பட்டது, டாக்கர் அதில் கை வைக்காது.

கம்பிவலை:
இதைப் பார்த்து யாராவது பிரிட்ஜை விட்டு மேக்விடேப் என்ற மாற்று இணைப்பு முறைக்கு ஓடிவிடவேண்டாம். அதில் விஎம் ஊர் உலகத்தோடெல்லாம் பேசும், தான் குடியிருக்கும் ஹோஸ்டோடு மட்டும் பேசாது. அது பிழை இல்லை, அதன் அமைப்பே அப்படி.

புதுக்கணினி:
மூன்று நாளாகக் காணவில்லை என்று நினைத்திருப்பீர்கள். எல்லாம் ஓடுகிறது. சுரங்கம் போட்டுத்தான் ஜாங்கோவைப் பார்க்கிறேன், கம்பிவலைக்கு நன்றி. டேட்டாபேஸ் விஎம்மைக் குளோனில் எடுத்தேன், மெஷின்-ஐடியைக் காலியாக்கிவிட்டுத்தான் எடுத்தேன். முகவரி 192.168.56.11, முதல் விஎம்மிலிருந்து பிங் போகிறது.

ஒரே ஒரு குறை. முதல் விஎம் எழும்போது ‘நெட்வொர்க் அமைவதற்காகக் காத்திருக்கிறேன்’ என்கிற மாதிரி ஒரு வரியில் இரண்டு நிமிடம் அப்படியே நிற்கிறது. பிறகு எல்லாம் சரியாக ஓடுகிறது.

பழையசர்வர்:
மூன்றாவதாக ஏதாவது கார்டு சேர்த்துவிட்டு எடுத்தீர்களா?

புதுக்கணினி:
ஆம், சோதனைக்காக பிரிட்ஜ் ஒன்று சேர்த்திருந்தேன். இஎன்பி0எஸ்9. பிறகு விர்ச்சுவல்பாக்ஸில் அந்த அடாப்டரை நிறுத்திவிட்டேன்.

பழையசர்வர்:
நெட்பிளான் கோப்பில் அது இன்னும் இருக்கும். இல்லாத கார்டு வரும் வரும் என்று 120 நொடி வாசலில் காத்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பகுதியை அழித்துவிடுங்கள். அவ்வப்போது மாட்டிக் கழற்றும் கார்டு என்றால் அழிக்கவேண்டாம், அதன் கீழே ஆப்ஷனல் என்று எழுதி ட்ரூ கொடுங்கள், காத்திருக்காது.

புதுக்கணினி:
அழித்துவிட்டேன். இப்போது சில நொடிகளில் எழுந்துவிடுகிறது.

ஒற்றைவிசை:
பிரிட்ஜை மறுபடியும் முயன்றிருக்கிறார், பார்த்தீர்களா?

புதுக்கணினி:
கம்பி கிடைத்த இடத்தில் மட்டும், ஐயா. நன்றாகத்தான் ஓடியது.